பந்து பட்டால் தாங்குமா? உள்விளையாட்டரங்கின் கூரை, சுவர், விளக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்பு ஓரமாக ஷெட் போட்டு ஷட்டில் கோர்ட், டர்ஃப், வாலிபால் ஹால் என்று கட்டுவது சில வருடங்களாகக் கூடியிருக்கிறது. கட்டுகிறவர் பாலக்காட்டுக்காரர், சாமான் கோயம்புத்தூர், வெல்டர் பொள்ளாச்சி. தூண், தகரம், தரை விரிப்பு வரை எல்லோரும் கவனமாகப் பேசி முடிப்பார்கள். மேலே மாட்டியதெல்லாம் பந்தடிக்கு நிற்குமா என்ற கேள்வி மட்டும், ஹால் திறந்து முதல் விளக்கு தொங்க ஆரம்பித்த பிறகுதான் வரும். உள்ளரங்குகளில் ஃபிட்டிங் வேலை பார்க்கிறவன் என்பதால் ஹால் உரிமையாளர்களும், பி.டி. மாஸ்டர்களும், எலக்ட்ரீஷியன்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பந்தடிச் சோதனை என்றால் என்ன செய்வார்கள்?

அழுத்தக் காற்றில் இயங்கும் ஒரு பீரங்கி. அதில் ஹேண்ட்பால் வைத்து, குறித்த வேகத்தில், குறித்த கோணத்தில், கூரைப் பலகை மீதோ சுவர் மீதோ விளக்கு மீதோ திரும்பத் திரும்ப அடிப்பார்கள். நடுவில் மட்டும் அடித்துவிட்டு விடுவதில்லை. இணைப்பு, ஓரம், ஸ்க்ரூ இருக்கும் இடம் என்று பலவீனமான இடமாகத் தேடி அடிப்பார்கள். அடித்து முடித்ததும் எதுவும் கழன்று விழுந்திருக்கக் கூடாது, வலுவும் வேலையும் கெட்டிருக்கக் கூடாது. சின்னக் கீறல், அழுக்குத் தடம் இருந்தால் பரவாயில்லை.

ஹேண்ட்பால் ஏன் என்று சிலர் கேட்பார்கள். ஆண்கள் ஆடும் ஹேண்ட்பால் 425 முதல் 475 கிராம் எடை, 58 முதல் 60 செ.மீ. சுற்றளவு. கால்பந்தின் எடைதான், ஆனால் அதைவிடச் சின்னது. கையால் வேகமாக வீசுகிற விளையாட்டு வேறு. ஐரோப்பாவில் பள்ளி ஹால்களில் அதிகம் ஆடுகிற விளையாட்டு என்பதால் சோதனையும் அதை வைத்தே அமைந்துவிட்டது.

எந்தத் தரநிலையைக் கேட்க வேண்டும்?

இரண்டு பெயர்கள் தெரிந்தால் போதும். ஒன்று ஜெர்மனியின் டிஐஎன் 18032, பாகம் 3. விளையாட்டரங்குகளின் பந்தடிப் பாதுகாப்புக்கென்றே எழுதியது. கூரைக்கு மணிக்குச் சுமார் 60 கி.மீ., சுவருக்குச் சுமார் 85 கி.மீ. வேகத்தில் அடி. இரண்டாவது, தொங்கு கூரைகளுக்கான (ஃபால்ஸ் சீலிங்) ஐரோப்பியத் தரநிலை இஎன் 13964. அதன் பின்னிணைப்பில் மூன்று வகுப்புகள்: 1ஏ என்றால் வினாடிக்கு 16.5 மீட்டர், 2ஏ என்றால் 8 மீட்டர், 3ஏ என்றால் 4 மீட்டர். மொத்தம் 36 அடி. பன்னிரண்டு நேர்க்குத்தாக, பன்னிரண்டு 60 டிகிரி சாய்வில், மீதி பன்னிரண்டு அதே சாய்வில் எதிர்ப்பக்கத்திலிருந்து.

வகுப்பு ஒன்று இறங்கினால் வேகம் பாதியாகிறது, அடியின் ஆற்றலோ கால் பங்காகிவிடும். 450 கிராம் பந்து 16.5 மீட்டர் வேகத்தில் கொண்டுவருவது ஏறக்குறைய 61 ஜூல். 8 மீட்டரில் 14, 4 மீட்டரில் நாலு ஜூல்கூடத் தேறாது. 3ஏ வாங்கிய பலகை வராந்தாவுக்குச் சரி. விளையாட்டு ஹாலுக்கு 1ஏ-வுக்குக் கீழே போவதில் அர்த்தமில்லை.

ஷீட் நல்ல கம்பெனி, கனமும் இருக்கிறது. அது போதாதா?

வருகிற கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பந்தடியில் பலகை உடைவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்திருக்கும் கிளிப், பிளக், தொங்கு கம்பி, சட்டத்தின் இணைப்பு இவைதான் முதலில் போகும். அதனால்தான் ஆய்வகத்தில் பலகையைத் தனியாக வைத்து அடிப்பதில்லை. சட்டம், கம்பி இடைவெளி, ஸ்க்ரூ நீளம் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பாகக் கட்டிவிட்டுத்தான் அடிப்பார்கள். அங்கே கிடைக்கும் சான்றிதழும் அந்த அமைப்புக்கே. கம்பியை 60 செ.மீ. இடைவெளியில் கட்டிச் சோதித்ததை இங்கே ஆள் கூலி மிச்சம் என்று 120 செ.மீ.க்கு ஒன்றாகக் கட்டினால், கையில் இருக்கும் சான்றிதழ் வேறொரு கூரையுடையது.

ஆபீஸ்களில் போடும் இரண்டடிக்கு இரண்டடி ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், ஒன்று ஒன்றரைக் கிலோ எடைதான். கீழிருந்து வாலிபால் போய் மோதினால் பலகை ஒரு விரற்கடை எம்பித் திரும்ப உட்காரும். ஆனால் பழைய இடத்தில் உட்காராது. ஒரு மூலை சட்டத்தின் விளிம்பில் ஏறி நிற்கும், எதிர் மூலையில் மெல்லிய கறுப்புக் கோடாக இடைவெளி தெரியும். கீழிருந்து பார்ப்பவர் அதைக் கவனிக்க மாட்டார். அடுத்த பந்து பக்கத்துப் பலகையில் பட்டாலும் சட்டம் அதிர்ந்து, ஏறி நின்ற பலகை மூலை குத்தாகக் கீழே வரும். பலகை உடையவே இல்லை, ஆனால் கீழே ஒரு பையன் நிற்கிறான். மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கிளிப் பலகைக்கு நாலு போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் கிளிப் போட்டால் மேலே வயர் வேலைக்குப் பலகையைத் திறப்பது சிரமம் என்று எலக்ட்ரீஷியன் கழற்றி வைத்துவிடுவார். திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

என்னைக் கேட்டால், தகரக் கூரை ஷெட்டில் ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம். வெப்பம் குறைய வேண்டுமென்றால் தகரத்துக்கு அடியிலேயே இன்சுலேஷன் ஒட்டுங்கள். விழுவதற்கு ஒன்றும் இல்லாத கூரைக்குச் சோதனையும் தேவையில்லை.

எங்கள் ஹாலில் ஷட்டில் மட்டும்தான். இதெல்லாம் வேண்டுமா?

ஷட்டில் காக் ஐந்து கிராம். அது எதையும் உடைக்காது. ஆனால் ‘மட்டும்தான்’ என்ற வார்த்தை எத்தனை நாள் நிற்கும் என்று யோசியுங்கள். மே மாத லீவில் பிள்ளைகள் அதே ஹாலில் ஃபுட்பால் உதைப்பார்கள். ஓணத்துக்கு ஊர்க் கிளப் வாலிபால் வைக்கும். வாடகைக்கு விடுகிற ஹால் என்றால் கட்டாயம் பந்து வரும் என்று வைத்தே கட்டுங்கள்.

தாழ்ந்த ஷெட்டில் ஃபுட்சால் (பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து) ஆடுகிறார்கள். 1ஏ போதுமா?

சந்தேகம்தான். கணக்குப் போட்டே பார்க்கலாம். நன்றாக உதைக்கிறவர் பந்தை மணிக்கு 90 கி.மீ.க்கு, அதாவது வினாடிக்கு 25 மீட்டருக்குக் கொண்டுபோய்விடுவார். அது எகிறி 8 மீட்டர் உயரக் கூரையை எட்டும்போது, காற்றுத் தடையை விட்டுவிட்டால், வேகம் 21 மீட்டருக்கு மேலேயே இருக்கும். 420 கிராம் ஃபுட்சால் பந்துக்கு அது 95 ஜூலைத் தாண்டும். 1ஏ சோதனை பார்த்ததோ 61. காற்றுத் தடை கொஞ்சம் தின்னும், எல்லா உதையும் நேராக மேலே போகாது, அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் கூரைச் சோதனை, பந்து மேலே ஏறி வேகம் தணிந்து வரும் என்று எண்ணி வைத்த எண். தாழ்ந்த ஷெட்டில் அந்தத் தணிவு அதிகம் கிடைக்காது. இப்படிப்பட்ட இடத்தில் கூரைக்கும் சுவர் வேகத்தில் சோதித்த அமைப்பைக் கேளுங்கள். இல்லையென்றால் கூரைக்குக் கீழே முழுதாக நைலான் வலை கட்டிவிடுங்கள். செலவு குறைவு, பந்து மாட்டிக்கொள்வது மட்டும்தான் தொல்லை.

உயரத்தில் முதலிலேயே கஞ்சம் பிடிக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை கிடையாது. வாலிபாலுக்கும் பாஸ்கட்பாலுக்கும் குறைந்தது 7 மீட்டர் தடையில்லாத உயரம் வேண்டும். அது விளக்கின் அடிப்பாகம் வரையான அளவு. தகரம் வரை அளந்து 7 மீட்டர் என்று சொல்லக் கூடாது.

விளக்குப் பெட்டியில் ஐகே10 என்று போட்டிருக்கிறது. பந்து தாங்கும்தானே?

தாங்கலாம், தாங்காமலும் போகலாம். ஐகே எண் என்பது பெட்டி எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு ஐஇசி 62262 தரநிலைப்படி தருவது. ஐகே10 என்றால் 5 கிலோ சுத்தியலை 40 செ.மீ. உயரத்திலிருந்து விடுவது, 20 ஜூல். விளக்கின் உடலை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டு அடிக்கிற சோதனை அது. மூடி உடையுமா, உள்ளே விரல் போகுமா என்பதற்குப் பதில் கிடைக்கும். கூரையில் ஒற்றைக் கொக்கியில் தொங்கும் ஹை-பே விளக்கை (உயரமான ஷெட்டுகளுக்கான பெரிய விளக்கு) 60 ஜூலில் ஒரு பந்து பக்கவாட்டில் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. விளக்கு ஊஞ்சலாடும், திறந்த கொக்கியாக இருந்தால் எகிறிக் கழன்றுவிடும். மூடி கீறல்கூட விழாமல் முழு விளக்கும் தரைக்கு வரும்.

விளக்குகளின் பந்தடிக்கென்று தனியாக டிஐஎன் விடிஇ 0710, பாகம் 13 இருக்கிறது. அதைக் காட்டினால் நம்பலாம். காட்ட முடியாவிட்டால், வாய் மூடிய ஷேக்கிள் (போல்ட் போட்டு மூடும் இரும்பு வளையம்), அதோடு விளக்கின் உடலிலிருந்து தகரத்தைத் தாங்கும் பர்லின் சட்டத்துக்குத் தனியாக ஒரு எஃகு சேஃப்டி கம்பி, இரண்டும் கட்டாயம். சேஃப்டி கம்பியைத் தளர்வாக நீளமாக விடாதீர்கள். விளக்கு அரை மீட்டர் விழுந்து கம்பியை வெட்டி இழுத்தால் கம்பியே அறுந்துவிடும். கண்ணாடி மூடி போட்ட பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் இன்னும் இருந்தால், சோதனை பற்றிப் பேசாமல் மாற்றிவிடுங்கள். முன்னால் கம்பிவலை போட்ட விளக்கென்றால் வலையின் கண், ஹாலில் ஆடும் மிகச் சிறிய பந்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். டென்னிஸ் பந்தின் விட்டம் ஆறரை செ.மீ. சொச்சம்.

வெட்டுக்கல் சுவரில் ஸ்கோர் போர்டு, பாஸ்கட்பால் போர்டு மாட்டலாமா?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி. வெட்டுக்கல் என்பது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் செந்நிற லேட்டரைட் கல், உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். ட்ரில் போட்டால் ஒரு இடத்தில் கெட்டி, இரண்டு அங்குலம் தள்ளி மாவு. விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட்டை அதில் இறுக்கினால் அது கல்லையே நெரித்துவிடும். அன்றைக்கு நிற்கும். பந்து பட்டுப் பட்டு ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, மழைக்காலத்தில் ஈரமும் இறங்கி, போல்ட் கையோடு வரும். ஹாலோ பிளாக் சுவரிலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது: சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து இறுக்கும் நீள போல்ட், அல்லது தூணுக்குத் தூண் இரும்புச் சட்டம் வெல்டு செய்து அதில் மாட்டுவது. கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில் பசை நிரப்பிப் பிடிக்கவைக்கும் போல்ட்) போடுகிறீர்கள் என்றால், ஓட்டைக்குள் சல்லடைக் குழாய் வைத்துப் போடுகிற வகையைக் கேளுங்கள். போட்ட ஒன்றிரண்டை இழுத்துப் பார்க்கும் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு வேலை செய்வேன். ஒவ்வொரு நட்டின் மேலும் தொடங்கி, வாஷர் தாண்டி, பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் நேராக ஒரு மஞ்சள் கோடு. மூன்று மாதம் கழித்து ஏணி வைத்துப் பார்த்தால் கோடு நேராக இருக்கிறதா, நட்டில் ஒரு துண்டும் பிராக்கெட்டில் ஒரு துண்டுமாகப் பிரிந்து நிற்கிறதா என்று டார்ச் அடித்ததும் தெரிந்துவிடும். போர்டின் நடுவில் பட்ட பந்தைவிட மூலையில் பட்ட பந்துதான் நட்டைத் திருகும், அதனால் மூலை பிராக்கெட்டுகளை முதலில் பாருங்கள்.

ஃபேன்?

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஃபேன் இல்லாமல் ஹாலை நடத்த முடியாது. சீலிங் ஃபேன் மட்டும் விளையாடும் பரப்புக்கு மேலே வேண்டாம். இறக்கை ஒருமுறை வளைந்தால் பிறகு ஃபேன் ஆடிக்கொண்டே ஓடும், அந்த ஆட்டம் கொக்கியைத் தின்னும். சுவர் ஃபேன் என்றால் கூடவே வரும் மெல்லிய கம்பிக் கூட்டை நம்பாமல், ஒரு சாண் முன்னால் தனி வலைச் சட்டம் அடியுங்கள்.

ஸ்ப்ரிங்க்ளர் இருக்கும் ஹாலில் அதன் முனையில் உள்ளது கண்ணாடிக் குமிழ். பந்து பட்டு அது உடைந்தால் மரத்தரை முழுக்கத் தண்ணீர். அதற்குக் கம்பிக்கூடு கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள்.

டஃபன்ட் கிளாஸ் (சூடேற்றிக் கெட்டியாக்கிய கண்ணாடி) போட்டால் போதுமா?

கண்ணாடிக்குக் காட்டும் சான்றிதழ் பெரும்பாலும் ஊசல் சோதனை, இஎன் 12600. 50 கிலோ எடையுள்ள இரட்டை டயரை ஆட்டி மோதவிடுவது, அதிக உயரம் 1200 மி.மீ. ஆள் போய் மோதினால் என்னாகும் என்பதற்கானது அது. பந்தடியும் பார்த்திருக்கிறார்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். டஃபன்ட் மட்டும் என்றால் உடையும்போது முழுக்கச் சிதறிக் கொட்டும். இரண்டு அடுக்கு ஒட்டிய லேமினேட்டட் உடைந்தாலும் சட்டத்திலேயே நிற்கும். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கண்ணாடியே வைக்காதீர்கள். இரண்டு மீட்டர் உயரம் வரை சுவர் மட்டமாக, துருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். சுவிட்ச் பெட்டி, கைப்பிடி, ஜன்னல் கொண்டி எல்லாம் அதில் அடக்கம்.

கிரிக்கெட் நெட் போடப்போகிறோம். இதே சோதனை பொருந்துமா?

பொருந்தாது. கிரிக்கெட் பந்து 160 கிராம்தான், ஆனால் கெட்டி. ஹேண்ட்பால் மோதும்போது நசுங்கி, அடியை ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பிவிடும். கிரிக்கெட் பந்து நசுங்காது, ஒரு ரூபாய்க் காசளவு இடத்திலேயே முழு அடியும் இறங்கும். ஹேண்ட்பாலில் 1ஏ வாங்கிய பலகையில் இது நேராக ஓட்டை போடலாம். டிஐஎன் சோதனையில் சுவருக்கு ஹாக்கி பந்தும் அடிப்பார்கள், எடை ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அந்த அறிக்கை இருந்தால் கொஞ்சம் உதவும். நடைமுறையில் நாலு பக்கமும் மேலும் வலை கட்டி, வலைக்கும் சுவருக்கும் ஓரடியாவது விடுவதுதான் வழி. வலையைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் பந்து வலையோடு போய்ச் சுவரை அடிக்கும்.

தரைக்கும் பந்துச் சோதனை உண்டா?

உண்டு, ஆனால் அது வேறு கேள்வி. தரையில் பார்ப்பது பந்து சரியாக எகிறுகிறதா என்பதை. பாஸ்கட்பாலை 1.8 மீட்டரிலிருந்து விடுவார்கள். கான்கிரீட்டில் அது 1.05 மீட்டர் எகிறும்படி காற்று வைத்திருப்பார்கள். இஎன் 14904-படி விளையாட்டுத் தரையில் அதில் 90 சதவீதமாவது எகிற வேண்டும், அதாவது 95 செ.மீ. அளவுக்கு. மரத்தரையில் அங்கங்கே பந்து செத்து விழுந்தால் அடியில் கட்டை தளர்ந்திருக்கும், அல்லது ஆனி, ஆடி ஈரத்தில் பலகை உப்பி எழும்பியிருக்கும்.

ஆய்வகம் இல்லாமல் நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?

சான்றிதழ் கிடைக்காது, ஆனால் மோசமான வேலை மாட்டிக்கொள்ளும். ஹாலைக் காலி செய்துவிட்டு, ஹெல்மெட் போட்டு, நன்றாக வீசத் தெரிந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு, கூரையிலும் சுவரிலும் சந்தேகமான இடங்களாகப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். நேராக ஒரு முறை, இரண்டு பக்கச் சாய்விலும் ஒவ்வொரு முறை.

வேகம் தெரிய போனே போதும். பந்து போகும் பாதையை ஒட்டி, இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டி, 240 பிரேம் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். பந்து ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை பிரேம் என்று எண்ணி, 480-ஐ அதால் வகுத்தால் வினாடிக்கு இத்தனை மீட்டர். 29 பிரேம் என்றால் கூரைச் சோதனையின் வேகம். 20 பிரேம் என்றால் சுவர் வேகத்தையும் கொஞ்சம் தாண்டியாயிற்று. பந்துக்குப் பக்கத்திலேயே டேப் இருக்க வேண்டும், தூரச் சுவரில் ஒட்டினால் கணக்கு தப்பும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது?

எடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன் ஒருமுறை, காற்று ஓய்ந்ததும் ஒருமுறை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று சாதாரணமானதல்ல. கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்ததே அதை நம்பித்தான். அந்த இரண்டு மாதமும் தகர ஷெட் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும், பந்தே படாத நட்டும் தளரும். மஞ்சள் கோடு பார்ப்பது, கிளிப் எண்ணுவது, சேஃப்டி கம்பியில் துரு பார்ப்பது, ஒரு காலைப் பொழுது வேலை. எலக்ட்ரீஷியன் மேலே ஏறி இறங்கிய எந்த நாளிலும் கிளிப்பை மட்டும் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

கொட்டேஷனில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

‘பால் ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். எந்தத் தரநிலை, எந்த வகுப்பு, சோதித்தபோது எந்தச் சட்டம், கம்பி இடைவெளி எவ்வளவு, ஒரு பலகைக்கு எத்தனை கிளிப், எந்த வகைச் சுவரில் மாட்டியது என்று வரிவரியாக வேண்டும். சோதனை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அதில் பொருத்திய விதத்தின் படம் இருக்கும். அந்தப் படத்தைப் பிரின்ட் எடுத்து, மாட்ட வருகிற ஆள் கையில் கொடுங்கள். மலையாளமோ தமிழோ, படம் எல்லோருக்கும் புரியும். கடைசித் தவணைப் பணத்தில் ஒரு பகுதியை, மேலே ஏறிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வேலை முடிந்து சாரம் பிரித்த பிறகு இதைக் கேட்டால், திரும்பச் சாரம் கட்டும் காசு உங்கள் தலையில்தான் விழும்.